வேடமும் பாட்டும்

(நம் சங்கத்தின் ஆண்டு விழாவில், சிறுவர் மாறுவேடப் போட்டி தொடங்குவதற்கு முன் நிகழ்த்திய உரை)

 

கல்லூரி கண்டவர்கள் பலர் அமர்ந்திருக்கும் இவ்வவையில், பத்தாம் வகுப்போடு பள்ளிக்கு விடை கொடுத்த ஓர் இரயில்வே எழுத்தரைப் பேசப் பணித்திருக்கிறார்கள். பொறுத்தருள வேண்டும்.

நாம் பேச வந்த பொருள் சிறியது. குழந்தைகள் என்ன வேடம் புனையலாம், என்ன பாட்டுப் பாடலாம் என்பதே அது. ஆயினும் இச்சிறு பொருளின்பொருட்டுச் செயற்குழு மூன்று முறை கூடிற்று. மூன்றாம் கூட்டத்தில் தேநீர் ஆறி ஆடை படிந்ததையும் எவரும் கவனிக்கவில்லை. ஔவையார், திருவள்ளுவர், கட்டபொம்மன், வேலு நாச்சியார், பாரதியார் ஆகிய வேடங்களே தமிழ்ச் சங்கத்துக்கு உரியவை. சூப்பர்மேனும் ஸ்பைடர்மேனும் சக்திமானும் வேறு மேடை பார்த்துக்கொள்ளட்டும் என்பது பெரியோர் சிலரின் கருத்து. தமிழுக்கென்று ஆண்டில் ஒரு நாள் கிடைக்கிறது, அதையும் பிறர்க்கு விட்டுக் கொடுப்பதா என்று அவர்கள் கேட்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். எனினும் ஒரே மாலையில் நான்கு பாரதியார்கள் ஒருவர் பின் ஒருவராக வந்து, ஒரே கவிதையின் முதல் வரியைச் சொல்லி, நான்கு பேருமே இரண்டாம் வரியில் நின்று போனதையும் இம்மண்டபம் கண்டிருக்கிறது.

வேடம் என்பதை நம் முன்னோர் எப்படிக் கருதினார்கள்? வள்ளியை மணக்க வந்த முருகன் வேடனாகவும் வேங்கை மரமாகவும் கிழவனாகவும் வந்தான் என்று பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறோம். மதுரையில் வந்திக் கிழவியின் பங்கு மண்ணைச் சுமக்கச் சொக்கநாதரே கூலியாளாக வந்தார். கூலி பிட்டு. வேலை பார்த்த நேரம் குறைவு, ஆடிப்பாடித் திரிந்த நேரம் அதிகம். பிரம்படியும் பட்டார். மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட முதல் அரசாங்க ஊழியர் அவரே என்று நம் அலுவலகத்தில் நாம் சொல்வதுண்டு.

பாரதத்தில் விராட பருவத்தை எண்ணிப் பாருங்கள். பதின்மூன்றாம் ஆண்டில் பாண்டவர்கள் அயல்நாட்டு மன்னன் ஒருவனிடம் உத்தியோகம் தேடிப் போனார்கள். தருமன் கங்கன் என்ற பெயரில் சூதாட்டத் துணைவனாக அமர்ந்தான். பீமன் மடைப்பள்ளியில் கரண்டி பிடித்தான். பார்த்தன் பிருகன்னளையாகி அரசகுமாரிக்கு ஆடலும் பாடலும் கற்பித்தான். நகுலனுக்குக் குதிரை, சகாதேவனுக்குப் பசு. பாஞ்சாலி சைரந்திரியாகி அரசிக்குக் கூந்தல் முடித்தாள். போகும் வழியில் தம் படைக்கலங்களை எல்லாம் மூட்டையாகக் கட்டி வன்னி மரத்தில் ஏற்றி வைத்துவிட்டுத்தான் ஊருக்குள் நுழைந்தார்கள். இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் நமக்கு நம்மவர் நினைவே வருகிறது. காலையில் குடியிருப்பை விட்டுப் புறப்படும்போது நாமும் ஒன்றை மரத்தில் கட்டி வைத்துவிட்டுத்தான் போகிறோம். அலுவலகத்தில் ஹிந்தி, கடைத் தெருவில் மராத்தி, கோப்பில் ஆங்கிலம். மாலையில் வந்து மூட்டையை அவிழ்த்தால் உள்ளே இருப்பது தமிழ்.

இனி, அயல்நாட்டு வீரர்களுக்கு வருவோம். 1938இல் அமெரிக்கப் படக்கதை இதழில் பிறந்த சூப்பர்மேன் பகலில் யார்? மூக்குக்கண்ணாடி அணிந்து, யார் அதட்டினாலும் தலை குனியும் ஒரு பத்திரிகை அலுவலக நிருபர். 1962இல் வந்த ஸ்பைடர்மேன் பள்ளி மாணவன். புகைப்படம் எடுத்துப் பத்திரிகைக்கு விற்றுக் கைச்செலவுக்குப் பணம் தேடுகிறவன். 1997 முதல் 2005 வரை தூர்தர்ஷனில் வந்த சக்திமானும் பகலில் கங்காதர் என்னும் பத்திரிகைப் புகைப்படக்காரர்தான். பற்களைத் துருத்திக்கொண்டு அசடு வழிவார். செல்வச் சீமானான பேட்மேனை விட்டுவிடுவோம், அவர் நம் சம்பளத்துக்கு எட்டாதவர். மற்றவர்கள் எல்லாம் நம்மைப் போன்ற உத்தியோகஸ்தர்களே. தலையில் தட்டப்படும் சிற்றூழியனுக்குள் வேறொருவன் இருக்கிறான் என்ற ஒரே கற்பனைதான் இவர்கள் அனைவரையும் தாங்கி நிற்கிறது. அந்தக் கற்பனை விராட நகரத்து மடைப்பள்ளியில் முன்பே வெந்துவிட்டது.

நம் தலைமுறைக்கு வாய்த்தவர் இரும்புக்கை மாயாவி. 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் முதல் வெளியீடாகத் தமிழில் வந்தவர். ஆய்வுக்கூட உதவியாளர் ஒருவர்; மின்சாரம் பாய்ந்தால் உடல் முழுவதும் மறைந்துபோகும், இரும்புக் கை மட்டும் வெளியே தெரியும். விடுமுறைக்கு ஊருக்குப் போகையில் விழுப்புரம் நிலையத்து ஹிக்கின்பாதம்ஸ் கடையின் முன் நின்று, வண்டி ஊதுகுழல் ஊதுவதற்குள் எத்தனை பக்கம் படிக்க முடியுமோ அத்தனையும் படித்தவர்கள் இவ்வவையிலும் இருப்பார்கள். அக்கதை பிரிட்டனில் பிறந்தது. அதனால் நம் தமிழ் கெட்டுவிடவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கும் பழக்கமே பலர்க்கு அதனால்தான் வந்தது.

நிற்க. நம் அலுவலகத்தில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும்.

1853ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் பம்பாயிலிருந்து தானேவுக்கு முதற் பயணிகள் வண்டி ஓடியதன் நினைவாக ஆண்டுதோறும் இரயில்வே வாரம் கொண்டாடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன் அவ்வாரத்தில் ஊழியர்க்கென ஒரு மாறுவேட நிகழ்ச்சி ஏற்பாடாயிற்று. ஒவ்வொருவரும் தமக்குள் மறைந்திருக்கும் வீரர் யார் என்று தெரிவிக்க வேண்டும். தாம் விரும்பும் ஒரு பாட்டோடு மேடைக்கு வர வேண்டும். நாம் இருப்பது பணியாளர் பிரிவு. ஓர் ஊழியரின் பணிப் பதிவேட்டைத் திறந்தால் அவருடைய தகப்பனார் பெயர், பிறந்த நாள், அங்க அடையாளம், எடுத்த விடுப்பு, பெற்ற ஊதிய உயர்வு எல்லாம் தெரியும். அவர் குளிக்கும்போது என்ன பாட்டுப் பாடுகிறார் என்பதற்கு அதில் பத்தி கிடையாது. அந்தப் பத்தியைத்தான் அவ்வாரம் நிரப்பினோம்.

வங்க நண்பர் முகமூடி வீரர் வேதாளர்தாம் தாம் என்றார். அவர்கள் மொழியில் அவ்வீரருக்கு அரண்யதேவ் என்று பெயராம். பீகார் இளைஞர் எதிர்பார்த்தபடியே சக்திமான். தெலுங்கு நண்பர் 1957இல் வெளிவந்த 'மாயாபஜார்' படத்தின் கடோத்கசன். பாட்டும் அப்படத்துக் கல்யாண விருந்துப் பாட்டேதான். தட்டெழுத்துப் பிரிவு அம்மையார், "எனக்கு வீரமெல்லாம் வேண்டாம், விடுப்பு விண்ணப்பம் கொடுக்காமல் ஒரு நாள் யார் கண்ணிலும் படாமல் இருந்தால் போதும்" என்றார். நாம் இரும்புக்கை மாயாவியின் வரலாற்றைச் சொன்னோம். கை மட்டும் தெரிந்தால் போதுமே, வருகைப் பதிவுக்குப் பெருவிரலை வைத்துவிட்டு மறைந்துவிடலாமே என்று மகிழ்ந்து அவ்வேடத்தை அவர் ஏற்றுக்கொண்டார். ஆலோசனை மழலையாகத் தோன்றலாம். நெடுநாள் அடுத்தடுத்த மேசையில் இருந்தும் அறியாதவற்றை அந்த ஒரு மதிய உணவு வேளையில் அறிந்தோம்.

நாம் தேர்ந்தெடுத்தது மலைக்கள்ளன். நாமக்கல் கவிஞர் எழுதிய நாவல். கோவை பக்ஷிராஜா நிறுவனத்தார் ஸ்ரீராமுலு நாயுடு அவர்களின் இயக்கத்தில், எம்.ஜி.ஆரும் பானுமதியும் நடிக்க 1954இல் படமாக்கினார்கள். வெளியே ஒரு பெருமனிதர், உள்ளே ஏழைகளுக்கு இரங்கும் ஒரு கள்ளர் தலைவன். இதை நாம் சொல்லி முடிக்கும் முன்பே மராத்தியப் பெரியவர் ஒருவர் (அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் காகா) மேசையைத் தட்டினார். "அண்ணா, அது எங்கள் திலீப்குமாரின் 'ஆஸாத்' படம் அல்லவா? நான் அந்த வேடம்தான் போடப் போகிறேன். பார்த்து எடுத்த படத்தை வைத்துக்கொண்டு முதற்படத்தோடு போட்டிக்கு வரலாமா?" என்றார்.

வந்தது வினை. நம் பிரிவில் இன்னொரு தமிழ் நண்பர் உண்டு, நம்மினும் மூத்தவர், சினம் முன்னே நிற்கும். 'மலைக்கள்ளன்' 1954, 'ஆஸாத்' 1955, இயக்கியவரும் அதே ஸ்ரீராமுலு நாயுடு என்று அவர் எடுத்துக் காட்டினார். அதோடு நிறுத்தியிருக்கலாம். கதை உங்களுக்கு இல்லை, பாட்டாவது உண்டா, எங்கள் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' படத்தில் பத்மினியும் வைஜயந்திமாலாவும் ஆடும் போட்டி நடனப் பாட்டைப் போல் ஒன்றைக் காட்டுங்கள் பார்க்கலாம் என்றும் சேர்த்துவிட்டார். பீகார் இளைஞர் மதராசிப் பாட்டு என்றால் வெறும் தாளச் சத்தம் என்று ஏதோ சொல்ல, அறை இரண்டு பட்டது. இரண்டு நாட்கள் உணவுப் பெட்டிகள் தனித்தனியே திறக்கப்பட்டன. எங்கள் வீட்டுப் புளியோதரைக்குக் காத்திருக்கும் காகா முகத்தைத் திருப்பிக்கொண்டு சப்பாத்தியை மென்றார். வேடிக்கைபோல் தோன்றும். ஆனால் நம் வீட்டில் நோய் வந்தபோது இரவு முழுவதும் மருத்துவமனைத் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தவர் அவர். சொந்த ஊர் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது பக்கத்து மேசைக்காரர்தான் உறவு. அதைப் பாட்டுக்காக இழக்க முடியுமா?

மூன்றாம் நாள் நாமே பேச்சைத் தொடங்கினோம். 'ஆஸாத்' படத்துக்கு இசையமைத்தவர் சி. ராமச்சந்திரா. மராத்தியர், அகமத்நகர் மாவட்டத்தில் பிறந்தவர். அவர் இசையமைப்பாளராகத் தொடங்கியது தமிழ்ப் படங்களில். 1941இல் வந்த 'வனமோகினி' அவற்றுள் ஒன்று. 1958இல் ஜெமினி வாசன் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' எடுத்தபோது இசைக்கு அழைத்ததும் அதே ராமச்சந்திராவைத்தான். நம் தமிழ் நண்பர் மார்தட்டிக்கொண்ட போட்டி நடனப் பாட்டு, பி. லீலாவும் ஜிக்கியும் பாடியது, அந்த மராத்தியரின் மெட்டு. இதைக் கேட்டதும் காகாவின் முகம் மலர்ந்தது. நம் நண்பரின் முகம் சுருங்கிற்று.

"சரி காகா, உங்களுக்கு உயிரான பாட்டு எது?" என்று கேட்டோம். 1971இல் வந்த 'குட்டி' என்னும் ஹிந்திப் படத்தில் வசந்த் தேசாய் இசையில் ஒரு பெண்மணி பாடும் பாட்டைச் சொன்னார். மழைக் காலத்தில் அதைக் கேட்டால் தம் காலஞ்சென்ற மனைவியின் நினைவு வரும் என்றும், அந்தப் பாடகி குமார் கந்தர்வரோடு சேர்ந்து பாடிய மராத்திப் பாட்டும் தமக்கு மனப்பாடம் என்றும் சொன்னார். அந்தப் பாடகி மராத்தியப் பெண் என்றே அவர் எண்ணியிருந்தார். அவர் வேலூரில் பிறந்த தமிழ்ப் பெண், பெயர் வாணி ஜெயராம் என்று நாம் சொன்னதும் அறையில் சற்று நேரம் பேச்சில்லை. தமிழர் உயிராகப் போற்றிய பாட்டு மராத்தியர் கொடுத்தது. மராத்தியர் உயிராகப் போற்றிய பாட்டு தமிழ்ப் பெண் கொடுத்தது. மறுநாள் காகா எலுமிச்சை ஊறுகாய் கொண்டுவந்தார். மலைக்கள்ளனும் ஆஸாதும் ஒரே நேரத்தில் மேடையின் இரு பக்கங்களிலிருந்தும் நுழைந்தார்கள். பரிசு என்னவோ கடோத்கசனுக்குத்தான் போயிற்று, அவருக்குத் தொந்தி இயற்கையாகவே அமைந்திருந்தது.

பாட்டுச் சண்டை நமக்குப் புதியதன்று. திருவிளையாடற் புராணத்தில் விறகு விற்ற படலம் இருக்கிறது. வடநாட்டிலிருந்து ஏமநாதன் என்னும் இசைவாணன் வந்து பாண்டியன் அவையில் வெற்றி முழக்குகிறான். பாணபத்திரர் அஞ்சுகிறார். இறைவன் விறகு விற்பவனாக வந்து, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் அமர்ந்து சாதாரி என்னும் பண்ணைப் பாடுகிறான். பாணபத்திரரிடம் பாட்டுக் கற்கப்போய்த் தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் நான் என்கிறான். தள்ளப்பட்டவன் பாட்டே இப்படியா என்று ஏமநாதன் இரவோடிரவாக ஊரைவிட்டு ஓடுகிறான். 1965இல் ஏ.பி. நாகராஜன் அவர்கள் எடுத்த 'திருவிளையாடல்' படத்தில் இதை எல்லோரும் கண்டிருக்கிறோம். வேடமும் பாட்டும் ஒன்றாய்ச் சேர்ந்த கதை வேண்டுமானால் இதற்கு மேல் எங்கே போவது? ஆனால் இக்கதையை நாகபுரியில் சொல்லும்போது ஓர் எச்சரிக்கை வேண்டும். இங்கே வெளியூரிலிருந்து யாழோடு வந்து இறங்கியவர்கள் நாம். காகா திண்ணைக்குச் சொந்தக்காரர்.

வாணி ஜெயராம் பெயரை எடுத்ததால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். இதை நாம் சொல்லாமல் போனால் எழுத்தர் இனம் நம்மை மன்னிக்காது. அவர் ஸ்டேட் வங்கியில் உத்தியோகம் பார்த்தவர். திருமணமாகிப் பம்பாய்க்கு வந்த பின்பே உஸ்தாத் அப்துல் ரஹ்மான் கானிடம் ஹிந்துஸ்தானி இசை பயின்று திரைப்பாட்டுக்கு வந்தார். கே. பாலசந்தர் சென்னையில் கணக்குத் தணிக்கை அலுவலகத்தில், ஏஜீஸ் ஆபீஸ் என்பார்களே அங்கே, எழுத்தராகச் சேர்ந்தவர். பகலில் கோப்பு, இரவில் நாடகம். நாகேஷ் நம் இனமே: இரயில்வே எழுத்தர். அவ்விருவரும் சேர்ந்து கொடுத்த 'சர்வர் சுந்தரம்' நாடகமாகி 1964இல் படமும் ஆயிற்று. அதுவும் உணவு விடுதிச் சிப்பந்திக்குள் ஒரு நடிகன் ஒளிந்திருந்த கதை. பெங்களூரில் பேருந்து நடத்துநராகச் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த சிவாஜி ராவ், வீட்டில் மராத்தி பேசும் இளைஞர், ரஜினிகாந்த் ஆனார்.

இந்த நால்வரும் ஒரே படத்தில் சந்தித்தார்கள் என்பதை நினைத்துப் பாருங்கள். 1975இல் வெளிவந்த 'அபூர்வ ராகங்கள்'. இயக்கியவர் பாலசந்தர், நடித்தவர்களுள் நாகேஷ் ஒருவர், இரும்புக் கதவைத் தள்ளிக்கொண்டு முதன்முதலாகத் திரையில் தோன்றியவர் ரஜினிகாந்த், எம்.எஸ். விஸ்வநாதன் இசையில் கண்ணதாசன் வரிகளைப் பாடி அவ்வாண்டின் தேசிய விருதைப் பெற்றவர் வாணி ஜெயராம். தணிக்கை அலுவலகம், இரயில்வே, பேருந்து, வங்கி ஆகிய நான்கு வருகைப் பதிவேடுகளிலிருந்து எழுந்து வந்தவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பறக்கும் போர்வை இல்லை. 2023இல் வாணி ஜெயராம் மறைந்த செய்தி வந்த அன்று காகா ஓய்வு பெற்று ஊருக்குப் போய்விட்டிருந்தார். தொலைபேசியில் கூப்பிட்டார். "அண்ணா, நம் பாடகி போய்விட்டார்" என்றார். 'நம்' என்று சொன்னார்.

இனிச் செயற்குழுவின் வழக்குக்கு வருவோம். சென்ற ஆண்டு ஒரு சிறுவன் ஸ்பைடர்மேன் உடையோடு வந்தான். இது தமிழ்ச் சங்கம் என்று சொல்லி அவனை மேடையேற்றவில்லை. அவனுடைய தந்தை எவரிடமும் வாதாடவில்லை. உடையோடேயே ஸ்கூட்டரில் முன்னால் நிற்க வைத்து அழைத்துப் போனார். இவ்வாண்டு அக்குடும்பத்தின் சந்தா வரவில்லை. சந்தா போகட்டும், ஆண்டுக்கு ஒருமுறை தமிழ் பேசும் ஐந்நூறு பேரைக் காணும் வாய்ப்பு அந்தச் சிறுவனுக்குப் போயிற்று. ஒரு வீடு விலகினால் அதோடு அவ்வீட்டின் அடுத்த தலைமுறையும் விலகுகிறது. இங்கே பிறந்த பிள்ளைகள் பலர்க்குத் தமிழ் காதில் இருக்கிறது, நாவில் இல்லை. பாட்டி பேசுவது புரியும், பதில் ஹிந்தியில் வரும். அவர்களுக்குத் தமிழ் பேச ஒரு காரணம் வேண்டும்.

ஆகையால் நாம் செயற்குழுவில் வைத்த வேண்டுகோள் இது: உடையை நாம் கேட்க வேண்டாம், பேச்சைக் கேட்போம். சிலந்தி மனிதனாகவே வரட்டும். வந்து, தான் யார், பகலில் என்ன வேலை செய்கிறான், ஏன் முகத்தை மூடிக்கொண்டான் என்று நான்கு வாக்கியம் தமிழில் சொல்லட்டும். தனக்குப் பிடித்த தமிழ்ப் பாட்டு ஒன்றில் சில வரிகள் பாடட்டும். மனப்பாடம் செய்த கவிதையை இரண்டாம் வரியில் மறந்து நிற்கும் பாரதியாரைவிட, தானே சொல் தேடித் திக்கித் திணறும் ஸ்பைடர்மேன் அதிகம் தமிழ் கற்றிருப்பான் என்பது நம் துணிபு. பாரதியாராக வரும் குழந்தைகளும் வரட்டும். அவர்களுக்கும் அதே நான்கு வாக்கியம்தான், கவிதை ஒப்பித்தால் மதிப்பெண் இல்லை.

காரசாரமான விவாதத்துக்குப் பின் செயற்குழு இவ்வாண்டுக்கு மட்டும் இதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. பெரியோர் இருவர் கையொப்பமிடும்போது, பார்ப்போம் என்று மட்டும் சொன்னார்கள். அவர்கள் இருவரையுமே நடுவர்களாக இருக்க வேண்டினோம். இசைந்து முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு திரும்பிப் போன குடும்பத்தின் வீட்டுக்கு நேரில் சென்று அழைப்பிதழ் கொடுத்து வந்தோம்.

பட்டியலில் பத்தொன்பது பெயர்கள் இருக்கின்றன. ஔவையார் மூவர், பாரதியார் இருவர், வேலு நாச்சியார் ஒருவர், சக்திமான் ஒருவர், இரும்புக்கை மாயாவி ஒருவர் (அவருடைய பாட்டனார் சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்), எஞ்சியவர்கள் பலவகை. ஒவ்வொருவர்க்கும் மூன்று நிமிடம். பெற்றோர்கள் கீழிருந்து சொல் எடுத்துக் கொடுக்கலாகாது. குழந்தை நின்றுபோனால் சற்றுப் பொறுங்கள், சொல் வந்துவிடும். ஒலிபெருக்கியின் உயரத்தைக் குறைக்கும்படி நண்பர்களைக் கேட்டுக்கொண்டு, இடத்தை அவர்களுக்கு விடுகிறோம்.